கீசரில் தொடங்குங்கள்: தூரத்து நாடு ஒன்றைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த ஐந்து சனிக்கிழமைகள்

வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: யார் யார் வீட்டில் கீசர் இருக்கிறது? பத்துப் பன்னிரண்டு கைகள் உயரும். சரி, அது எந்த மொழிச் சொல்? "இங்கிலீஷ் சார்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். இல்லை. ஐஸ்லாந்தில் தரைக்குள்ளிருந்து கொதிநீரைப் பீய்ச்சியடித்த ஊற்று ஒன்றுக்கு கெய்சிர் என்று பெயர். பீறிடுவதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து வந்தது. அந்த ஒற்றை ஊற்றின் பெயர், உலகத்தில் அப்படிப் பீறிடும் ஊற்றுகளுக்கெல்லாம் பொதுப்பெயராகி, ஆங்கிலத்துக்குள் போய், கடைசியில் நம் வீட்டுக் குளியலறைச் சுவரில் வந்து தொங்குகிறது.

நான் இப்படித் தொடங்கவில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மணி நேரம் பேச ஒப்புக்கொண்டபோது, முதல் நாள் கரும்பலகையில் எழுதியது: தலைநகரம், நாணயம், மக்கள்தொகை, பரப்பளவு. பத்தாவது நிமிடத்தில் கடைசி வரிசைப் பையன் நோட்டின் பின்பக்கத்தில் அழகாக ஒரு அரசுப் பேருந்து வரைந்துகொண்டிருந்தான். ஜன்னல்கூட விடாமல். அவன்மேல் தப்பில்லை. பிள்ளையின் கையில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தூரத்து நாட்டுக்குள் போக முடியும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

முதல்முறை செய்பவர்களுக்கு நான் ஐஸ்லாந்தையே சொல்வேன். சீனாவையோ எகிப்தையோ ஐந்து மணி நேரத்தில் அடக்க நினைத்தால் மூச்சு முட்டும். ஐஸ்லாந்தில் மனித வரலாறே சுமார் 1,150 ஆண்டுகள்தான். நாட்டின் பரப்பு 1,03,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சிறியது. மொத்த மக்கள் 4 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாநகராட்சியில் மட்டும் 4.7 லட்சம் பேர். இந்த ஒப்பீட்டைச் சொல்லும்போது வகுப்பில் சிரிப்பு வரும், வரட்டும்.

வேண்டிய சாமான்கள்: ஒரு உலக உருண்டை, ஒரு டார்ச், பழைய செய்தித்தாள், 30 மீட்டர் கொடிக்கயிறு, துணி கிளிப்புகள், ஐஸ்லாந்தின் வெற்று வரைபடம் ஒட்டிய சார்ட், பிள்ளைகள் கேள்விச் சீட்டு போட ஒரு பெட்டி. புரொஜெக்டர் இருந்தாலும் முதல் இரண்டு வாரம் தொடாதீர்கள். எரிமலை வீடியோ போட்டால் பிள்ளைகள் சினிமா பார்ப்பதுபோல் பார்ப்பார்கள், கேள்வி மட்டும் வராது.

முதல் சனி: பெயர்

நிலம், தட்பவெப்பம் எல்லாம் இருக்கட்டும். முதலில் ஆட்களைக் காட்டுங்கள்.

ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அப்பா பெயரோடு மகன் என்றால் 'சன்', மகள் என்றால் 'டோட்டிர்' சேர்ப்பார்கள். யோன் என்பவரின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்டோட்டிர். அண்ணனுக்கும் தங்கைக்கும் இரண்டாம் பெயர் வேறு வேறாக இருக்கும். தொலைபேசிப் புத்தகம் அச்சான காலத்தில் அதில்கூட முதல் பெயரின் வரிசைப்படிதான் ஆட்கள் இருந்தார்கள். பிரதமரையும் ஆசிரியரையும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

வெள்ளைக்காரன் என்றால் குடும்பப்பெயர் இருக்கும் என்று நினைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது ஆச்சரியம். இனிஷியல் போடும் நமக்கு இது சொந்தக்காரர் வீட்டு வழக்கம் மாதிரி. பாஸ்போர்ட் படிவத்தில் 'சர்நேம்' கட்டத்தின் முன்னால் திணறிய அப்பாக்களின் பிள்ளைகள்தானே எல்லாரும். ஒவ்வொருவரையும் தம் பெயரை ஐஸ்லாந்து முறையில் எழுதச் சொல்லுங்கள். கவிதா முருகன்டோட்டிர், அப்துல் காதர்சன். அடுத்த நாலு வாரமும் அந்தப் பெயரிலேயே வருகைப்பதிவு எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் தடவை இதைச் செய்தபோது ஒரு பெண் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய்க் குனிந்ததும், "அம்மா பேர் போடலாமா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள். போடலாம். ஐஸ்லாந்திலும் அம்மா பெயரைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், சட்டமும் அனுமதிக்கிறது. இப்போதெல்லாம் யாரும் கேட்கும் முன்பே, "அப்பா பெயரோ அம்மா பெயரோ, உங்கள் இஷ்டம்" என்று சொல்லிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முடிக்கும்போது ஒரு பெயரைப் பலகையில் எழுதுங்கள்: விக்டிஸ் ஃபின்போகடோட்டிர். யாருடைய மகள் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். 1980இல் ஐஸ்லாந்தின் குடியரசுத் தலைவரானவர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவர்.

இரண்டாம் சனி: நிலம்

ஐஸ்லாந்து என்றால் நாடு முழுக்கப் பனிக்கட்டி என்ற எண்ணத்தை முதலில் உடைக்க வேண்டும். பனியாறுகள் மூடியிருப்பது நாட்டில் பத்தில் ஒரு பங்குதான். தலைநகர் ரெய்க்யவிக்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அதே அட்சரேகையில் சைபீரியாவில் இருப்பவர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள். தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான கடல்நீரோட்டம்தான் காரணம்.

உலக உருண்டையில் சென்னை 13 டிகிரி, ரெய்க்யவிக் 64 டிகிரி. அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சூரியனாக்குங்கள். உருண்டையின் தலையை வெளிச்சத்தின் பக்கம் சாய்த்துச் சுற்றினால் ஜூன், எதிர்ப்பக்கம் சாய்த்தால் டிசம்பர். ஜூன் கடைசியில் ரெய்க்யவிக்கில் சூரியன் மறைவது நள்ளிரவுக்குப் பக்கத்தில், மறுபடி உதிப்பது மூன்று மணிக்கு முன்பே. டிசம்பரில் முற்பகல் பதினொன்றரைக்கு உதித்து மாலை மூன்றரைக்கு மறைந்துவிடும்.

இந்த இடத்தில் அப்துல் காதர்சன் கேட்ட கேள்வியை மறக்க முடியாது: "அப்போ ஜூன்ல ரமலான் வந்தா நோன்பு எப்ப திறப்பாங்க சார்?" எனக்குப் பதில் தெரியாது. அடுத்த வாரம் படித்துவிட்டு வந்து சொன்னேன். அங்கேயும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள்; சிலர் உள்ளூர்ச் சூரியனையே கணக்கில் வைத்து 21 மணி நேரத்துக்கும் மேல் நோன்பிருக்கிறார்கள், சிலர் வேறு ஊரின் நேரத்தைப் பின்பற்றுகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி ஒரு வாரம் வாய்தா வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வாரம் மற்ற பிள்ளைகளும் வீட்டில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

அப்புறம் எரிமலை. ஐஸ்லாந்து அட்லாண்டிக் கடலடியில் நடுமுதுகுபோல் ஓடும் மலைத்தொடரின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பூமியின் மேலோடு தட்டு எனப்படும் பெரும் பாளங்களால் ஆனது; இங்கே ஒரு பக்கம் வட அமெரிக்கத் தட்டு, மறுபக்கம் யூரேசியத் தட்டு. இரண்டும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகுகின்றன. சொன்னால் புரியாது, செய்து காட்டுங்கள். இரண்டு மேசைகளை இரண்டு விரல் இடைவெளி விட்டுப் போடுங்கள். இரண்டு செய்தித்தாள்களை ஒட்டிப் பிடித்து, அந்த இடுக்கு வழியாக அடியிலிருந்து மேலே ஏற்றி, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் ஒரே வேகத்தில் இழுங்கள். இடுக்கை ஒட்டி இப்போது வெளிவந்திருப்பது புது நிலம், மேசையின் ஓரத்துக்குப் போய்விட்டது பழைய நிலம். இழுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒருவன் வேகமாக இழுத்துத் தாளைக் கிழிப்பான். "நிலநடுக்கம்" என்று சொல்லிச் சமாளித்துவிடலாம், பெரிய பொய் இல்லை.

பிறகு ஒரு கணக்கு. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர், மனிதர்கள் வந்து 1,150 ஆண்டு. நாடு எவ்வளவு அகலமாகியிருக்கும்? 23 மீட்டர். இரண்டு டவுன் பஸ்ஸை முன்னும் பின்னும் நிறுத்தின நீளம். பேருந்து வரைந்த பையன் அன்றைக்கு முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்தான்.

வரைபடத்தில் தெற்குக் கரையோரம் இருக்கும் வெஸ்ட்மன்னேயார் தீவுகளுக்கு ஒரு வட்டம் போட்டுவையுங்கள். 1963 நவம்பரில் அங்கே கடலிலிருந்து புகை எழுவதை முதலில் பார்த்தவர் ஒரு மீன்பிடிப் படகின் சமையல்காரர். அடியில் வெடித்த எரிமலை 1967 வரை பொங்கி, சுர்ட்சே என்ற புதுத் தீவையே கட்டிவிட்டது. வெறும் பாறையில் உயிர்கள் எப்படிக் குடியேறுகின்றன என்று பார்ப்பதற்காக ஆய்வாளர்களைத் தவிர யாரையும் விடுவதில்லை. அந்தக் காவலையும் மீறி அங்கே ஒரு தக்காளிச் செடி முளைத்தது. வந்த ஆட்களில் ஒருவர் அவசரத்துக்கு ஒதுங்கிய இடத்தில் என்று பிறகு தெரிந்தது, பிடுங்கிப்போட்டார்கள். இந்தக் கதையை நேரம் முடியும்போது சொல்லுங்கள். நடுவில் சொன்னால் அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான்.

அதே தீவுக்கூட்டத்தில் மக்கள் வாழும் ஹெய்மாயே தீவில் 1973 ஜனவரி 23 அதிகாலை ஊர் ஓரத்திலேயே தரை பிளந்தது. முந்தின நாள் புயலால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்திலேயே நின்றன. அந்தப் படகுகளில் ஏறித்தான் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் பெரும்பாலோர் ஒரே இரவில் கரை சேர்ந்தார்கள். எரிமலைக் குழம்பு துறைமுக வாயை அடைக்க வந்தபோது மாதக்கணக்கில் அதன்மேல் கடல்நீரைப் பீய்ச்சியடித்து உறையவைத்தார்கள். கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும். துறைமுகம் போனால் ஊர் போச்சு என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாம் சனி: கயிறு

இதுதான் எனக்குப் பிடித்த வகுப்பு. ஒன்றரை மணி நேரம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கொடிக்கயிற்றை வராந்தாவில் கட்டுங்கள். ஒரு மீட்டர் நூறு ஆண்டு, ஒரு சென்டிமீட்டர் ஓராண்டு. ஒரு முனை இன்று. அங்கிருந்து பதினொன்றரை மீட்டர் அளந்து முதல் கிளிப்பை மாட்டுங்கள்: 874. நார்வேயிலிருந்து வந்த இங்கோல்ஃபுர் அர்னார்சன் குடியேறியதாக மரபு சொல்லும் ஆண்டு. பெயரை வைத்துப் பிள்ளைகள் அப்பாவைக் கண்டுபிடிக்கட்டும்: ஏர்ன், அதாவது கழுகு.

கதையைச் சொல்லுங்கள். கரை கண்ணில் பட்டதும் இங்கோல்ஃபுர் தன் தலைமை இருக்கையின் தூண்கள் இரண்டையும் கடலில் எறிந்தார். எங்கே ஒதுங்குகிறதோ அங்கே வீடு. தேடும் வேலை அவருக்கு இல்லை, அடிமைகளுக்கு. அவர்கள் கரையோரமாகவே ஆண்டுக்கணக்கில் தேடி ஒரு விரிகுடாவில் கண்டெடுத்தார்கள். வெந்நீர் ஊற்றுகளின் ஆவி எழும்பியதால் அந்த இடத்துக்குப் புகைக்குடா என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ரெய்க்யவிக் என்பதன் பொருள் அதுதான். நல்ல நிலத்தையெல்லாம் தாண்டி வந்து இந்த மூலையிலா குடியேறுவது என்று அடிமைகளில் ஒருவர் முணுமுணுத்ததும் பழைய குடியேற்ற ஏட்டில் பதிவாகியிருக்கிறது. ராஜா ராணி மட்டும் பேசும் வரலாற்றுப் பாடத்துக்குப் பழகிய பிள்ளைகள் இந்த முணுமுணுப்பை ரொம்ப ரசிப்பார்கள்.

அடிமைகள் என்ற சொல்லை மழுப்பாதீர்கள். இங்கோல்ஃபுரின் வளர்ப்புச் சகோதரர் ஹ்யோர்லெய்ஃபுர், மாட்டுக்குப் பதிலாக அயர்லாந்து அடிமைகளை ஏரில் பூட்டினார். அவர்கள் அவரைக் கொன்றுவிட்டுத் தீவுகளுக்குத் தப்பினார்கள். இங்கோல்ஃபுர் தேடிப்போய்க் கொன்றார். அயர்லாந்துக்காரர்களை அப்போது மேற்கத்தி ஆட்கள் என்பார்கள். அதனால் அந்தத் தீவுகளுக்கு மேற்கத்தியார் தீவுகள் என்று பெயர். வெஸ்ட்மன்னேயார்! போன வாரம் வட்டம் போட்ட அதே இடம். இதை நீங்கள் சொல்லாமல் வரைபடத்தின் பக்கம் சும்மா திரும்பிப் பாருங்கள், யாராவது ஒருவர் கத்துவார்.

"இதெல்லாம் நெசமா சார்?" என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். அந்தக் குடியேற்ற ஏடு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களின் பெயரைச் சொல்கிறது. ஆனால் நடந்து இரண்டு மூன்று நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டது. தூண் கதை நடந்திருக்கலாம், வளர்ந்தும் இருக்கலாம். மண்ணுக்குள் வேறு சாட்சி இருக்கிறது. 870களில் விழுந்த எரிமலைச் சாம்பல் அந்நாட்டு மண்ணில் பரவலாக ஒரு தனி அடுக்காகத் தெரியும். மனிதக் குடியிருப்பின் தடயங்கள் அநேகமாக எல்லாமே அதற்கு மேலேதான். அந்த மட்டத்தில் ஏடும் மண்ணும் ஒத்துப்போகின்றன. ஒரு கண்ணாடி டம்ளரில் மணல், அடுப்புச் சாம்பல், மறுபடி மணல் என்று போட்டு, ஒரு பொத்தானைச் சாம்பலுக்கு மேலே புதைத்துக் காட்டினால் போதும்.

அடுத்த கிளிப் 930. நாட்டின் தலைக்கட்டுகள் கோடையில் திங்வெட்லிர் பள்ளத்தாக்கில் கூடத் தொடங்கிய ஆண்டு. தட்டுகள் விலகிப் பிளந்த பாறைச்சுவர்தான் மேடைக்குப் பின்சுவர். ஆல்திங்கி என்ற அந்தச் சபையின் பெயர்தான் இன்றைய நாடாளுமன்றத்துக்கும். எழுதிய சட்டம் கிடையாது. சட்டம் சொல்பவர் என்று ஒருவர். மூன்றாண்டுப் பதவி, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்குச் சட்டத்தைப் பாறைமேல் நின்று மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். 1117 வாக்கில்தான் ஏட்டில் ஏறத் தொடங்கியது. பள்ளி விதிகளை ஒரு பிள்ளை மனப்பாடமாகச் சொல்லட்டும், மற்றவர்கள் விட்டதைப் பிடிக்கட்டும். சட்டத்தை மாற்ற நினைப்பவர் என்ன தந்திரம் செய்வார் என்றும் கேளுங்கள்.

930க்குப் பின்னால் ஒன்பது சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு நிறக் கிளிப்: 921, உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. யார் முதல் ஜனநாயகம் என்று போட்டி வைக்காதீர்கள். இரண்டிலும் யாருக்கு இடமில்லை என்று கேளுங்கள், பேச்சு நன்றாக ஓடும்.

1000. ஒரு பாதி கிறிஸ்தவம், ஒரு பாதி பழைய தெய்வங்கள், கைகலப்பு வரும் நிலை. சட்டம் சொல்பவரான தோர்கெய்ரிடம் முடிவை விட்டார்கள். அவரே பழைய மதத்துக்காரர். போர்வையை மூடிக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் படுத்திருந்துவிட்டு எழுந்து சொன்னார்: எல்லாரும் ஞானஸ்நானம் பெறுவது, குதிரைக்கறி தின்பதும் வீட்டுக்குள் ரகசியமாகப் பழைய தெய்வத்தைக் கும்பிடுவதும் அவரவர் பாடு. போர்வைக்கு ஒரு துண்டு போதும். மூடிக்கொண்டு யோசிக்க எல்லாருக்கும் ஆசை வரும், முறை வைத்துக் கொடுங்கள். இந்தக் கிளிப்பிலிருந்து பத்தே சென்டிமீட்டரில் 1010, தஞ்சைப் பெரிய கோயில்.

அதே காலத்தில், வைக்கிங் எனப்படும் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளில் ஒருவரான லெய்ஃப் எரிக்சன் கனடாக் கரைக்குப் போனதைச் சொல்லலாம். அங்கே நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங்குகள் 1021இல் வெட்டிய மரம் கிடைத்திருக்கிறது, கொலம்பஸுக்கு 471 ஆண்டு முன்னால். வைக்கிங் படம் வரைந்தால் கொம்பு வைத்த தலைக்கவசம் மட்டும் வேண்டாம், அது 19ஆம் நூற்றாண்டு மேடை உடை.

"கீழடி எங்க சார் வரும்?" என்றாள் அம்மா பெயரை எழுதிய பெண். அளந்தோம். 26 மீட்டர். கயிறு வராந்தாவைத் தாண்டி, படி இறங்கி, கேட்டுக்கு வெளியே டீக்கடை வாசலில் முடிந்தது. அந்த நீளத்தில் பாதிக்கும் மேல் ஐஸ்லாந்தில் மனிதவாசனையே கிடையாது. வந்திருந்தாலும் சில அயர்லாந்துத் துறவிகள் வந்திருக்கலாம், அவ்வளவுதான்.

நான்காம் சனி: சாப்பாடும் சொல்லும்

அழுகிய சுறா தின்பார்கள் என்று தொடங்காதீர்கள். "ச்சீ" என்ற சத்தத்தோடு பாடம் முடிந்துவிடும். கருவாட்டில் தொடங்குங்கள். நமக்கு உப்பும் வெயிலும் உண்டு. அங்கே வெயில் குறைவு, உப்புக் காய்ச்ச விறகும் கிடையாது. இருந்த காட்டை வந்தவர்கள் வெட்டியும் ஆடு மேய்த்தும் தீர்த்துவிட்டார்கள். (ஐஸ்லாந்துக் காட்டில் வழி தவறினால் என்ன செய்வது? எழுந்து நில். அவர்களே சொல்லிச் சிரிக்கும் ஜோக்.) எனவே காற்றில் மீனை உலர்த்தினார்கள், மோர்த்தண்ணீர்ப் புளிப்பில் கறியை ஊறவைத்தார்கள். கிரீன்லாந்துச் சுறாவின் பச்சைக் கறி விஷம். மாதக்கணக்கில் புதைத்துத் தொங்கவிட்டால்தான் உண்ணலாம். இந்த வரிசையில் வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வெந்நீர் ஊற்றருகே சூடான மண்ணில் மாவுப் பாத்திரத்தைப் புதைத்து, ஒரு நாள் கழித்து ரொட்டியாகத் தோண்டியெடுப்பதையும் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் கதகதப்பு தருவதும் பூமிக்கடி வெந்நீர்தான்.

மொழிக்கு அரை மணி நேரம். கம்ப்யூட்டருக்கு அவர்கள் சொல் 'டோல்வா': எண்ணையும் குறிசொல்லும் பெண்ணையும் குறிக்கும் இரண்டு பழஞ்சொற்களின் கலப்பு. தொலைபேசிக்கு 'சீமி', நூல் என்ற பொருளில் வழக்கொழிந்து கிடந்த சொல்லைத் தூசி தட்டி எடுத்தது. கணினி என்று எழுதும் பிள்ளைகளுக்கு இந்தப் பிடிவாதம் புரியும். நாலு பேர் குழுவாகப் பிரித்து 'பவர் பேங்க்', 'செல்ஃபி ஸ்டிக்' இரண்டுக்கும் பழந்தமிழ்ச் சொல் தேடச் சொன்னேன். 'மின்குதிர்' எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு வேடிக்கை: 'ð' என்ற அவர்களின் எழுத்தைச் சொல்ல ஆங்கிலம் தேவையில்லை. 'அது' என்று சொல்லும்போது வரும் தகரம்தான்.

ஐந்தாம் சனி: கேள்விகள்

புதிதாக ஒன்றும் நடத்தாதீர்கள். நாலு வாரமாகக் கேள்விப்பெட்டியில் விழுந்த சீட்டுகளைப் பிரித்துப் படியுங்கள். பதிலை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் "எப்படித் தெரியும்?" என்ற எதிர்க்கேள்வி உண்டு. டிசம்பரில் வகுப்பு வைத்தால் ஜன்னலில் ஷூ வைத்துக் காத்திருக்கும் பிள்ளைகளையும், ஒவ்வொரு இரவும் ஒருவராக மலையிறங்கி வரும் பதின்மூன்று குறும்புக்காரக் கிழவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். கரண்டி நக்கி, கதவு சாத்தி என்று பெயர்கள். கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி கிடைக்காதவர்களைத் தின்னும் பூனைக் கதையை நான் சொல்வதில்லை. தீபாவளிக்குப் புதுத்துணி வராத வீடும் வகுப்பில் இருக்கும்.

ஒவ்வொரு முறையும் தகவல்களைப் புதிதாகச் சரிபார்த்துக்கொண்டு போங்கள். "ஐஸ்லாந்தில் கொசுவே கிடையாது" என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். 2025 அக்டோபரில் ஒரு மாலை பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். பழைய அணியைச் சேர்ந்த, இப்போது ஒன்பதாவது படிக்கும் பேருந்துப் பையன் சைக்கிளை நிறுத்தாமலே கத்திக்கொண்டு போனான்: "சார், ஐஸ்லாந்துல மூணு கொசுவப் பிடிச்சிட்டாங்களாம்!"